முப்பதுன்னா வேலை, நாப்பதுன்னா நிறுத்தம்

இருங்கய்யா, செத்தவர் மேலயே தப்புன்னு எழுதுறதுக்கு முன்னாடி கேளுங்க. வரிசையாதான் சொல்லுவேன். முதல்ல, மழைக்கோட்டு கேட்ட மூணு பேரை வேலையை விட்டுத் தூக்குனாங்க. ரெண்டாவது, அதுக்கு நோட்டீஸ் அடிச்ச என்னை ஆறு மாசம் வெளிய நிறுத்துனாங்க. மூணாவது, ஏர்போர்ட்டுக்கு தினமும் வர்ற இந்த வானிலைத் தாள்.

விமானத்துல பெட்டி ஏத்துறவங்க நாங்க. இடிக்கு வாய்ப்பு முப்பது சதவீதம்னு தாள்ல பார்த்தாலே சூப்பர்வைசர் எங்களை உள்ள அனுப்பிடுவான். ரெண்டு மணி நேரம் சும்மா உக்காருவோம், ஒரு தூறல் விழாது. ஷிப்ட் முடிஞ்சப்புறம் அந்த ரெண்டு மணி நேரத்தையும் செஞ்சுட்டுப் போம்பான். மேகம் ஏமாத்துனதுக்கு நாங்களா தண்டம் கட்டணும்?

பதினோரு நாள் வேலைநிறுத்தம். நாப்பதுன்னு போட்டாத்தான் உள்ள போறது, முப்பதுக்கு வேலை நடக்கும்னு ஒப்பந்தம். ஜெயிச்சோம்ல? பத்துல ஏழு தடவை வராதுப்பா, ஏழு பெருசா மூணு பெருசான்னு கூட்டத்துல கணக்குச் சொன்னப்போ என்னா கைதட்டல்.

இல்லய்யா, நேத்து இங்க விசாரணைல அந்த வானிலைக்காரம்மா சாட்சி சொன்னப்புறம்தான் தெரியும். முப்பதுக்குக் கீழன்னா எழுதவே மாட்டாங்களாம். அம்பதைத் தொட்டா வாய்ப்புங்கிற பேச்சே இல்ல, வரும்னே எழுதிடுவாங்களாம். அப்போ முப்பதுன்னு போட்டதே ஜாக்கிரதைன்னுதானே? இருபத்தாறு வருஷம் அந்தத் தாளைப் பார்த்தேன். யாரையும் ஒரு வார்த்தை கேக்கல. நமக்குத் தெரியாததான்னு ஒரு மிதப்பு.

அன்னிக்கும் முப்பதுதான். சூப்பர்வைசர் உள்ள வாய்யான்னு கூப்பிட்டது நெசம், அவனைக் குறை சொல்ல வாய் வரல. ஆனா திமிருல நின்னாருன்னு எழுதிருக்கீங்களே, அது பொய். முப்பதுதானே சார், மச்சான் கையெழுத்து போட்டு வாங்கிக் குடுத்திருக்காருன்னு சொல்லிட்டு, பெட்டி வண்டியைத் தள்ளிட்டுப் போயிருக்காரு. அப்போதான் இடி விழுந்துச்சு.

ஒப்பந்தத்தோட அசல் இந்தாங்க. விதிப்படிதான் நின்னாருன்னு இது ஒண்ணுதான் சொல்லும். சங்கக் கமிட்டில எல்லாரும் முப்பதுக்கே உள்ள போவோம், கூடுதல் நேரத்துக்குக் கூலி மட்டும் கேப்போம்னாங்க. நாப்பதுன்னு அடம் புடிச்சது ஒரே ஆளு. அவன் பேரு கீழ இருக்கு.

மூணாவது வரிசைல உக்காந்திருக்கா பாருங்க, செத்தவரோட சம்சாரம். என் தங்கச்சி. அவளுக்கு இது தெரியாது. நீங்க படிக்க வேணாம், குடுங்கய்யா. சாட்சிங்க எல்லாருக்கும் கேக்குற மாதிரி நானே படிக்கிறேன், என் பேருதானே.