அலுமாரிக்குள்ள கட்டின நட்சத்திரம்

இந்த யோசினையை எனக்கு முதமுதல் சொன்னவ அன்னபாக்கியம் அக்காதான், தம்பி. மார்கழி பிறந்து முதல் ஞாயித்துக்கிழமை, பூசை முடிஞ்சு, கோயில் வாசல்ல ஒரு செருப்பைப் போட்டுக்கொண்டு மற்றச் செருப்பைத் தேடிக்கொண்டு நிக்கேக்க சொன்னவ. "வெளிய தெரியாத வெளிச்சத்துக்கு வெள்ளைக்காரன் என்ன செய்யப்போறான்? நட்சத்திரத்தை வீட்டுக்குள்ள கட்டு பிள்ளை" எண்டு. அவ சொன்னது வீட்டுக்குள்ள. அலுமாரிக்குள்ள எண்டது என்ட மூளை. அதை நான் மறைக்க மாட்டன்.

இப்ப உங்களிட்ட வந்து முறைப்பாடு சொன்னதும் அவதானே? சொல்லவேண்டாம், சொல்லவேண்டாம்! பாலன் பிறக்கிற நத்தாருக்கு முதல்நாள் ஒருத்தரைக் கோவிக்க நான் விரும்பேல்ல.

அலுமாரிக்குள்ள குனிஞ்சு வாங்கோ. கோட்டுக் கம்பி தலையில அடிக்கும்... ஆ, அந்த இரும்புத் தொப்பியைக் கழட்டுங்கோ தம்பி, அதோட இதுக்குள்ள ரெண்டு பேர் இருக்க ஏலாது. இந்தப் பலகையில இருங்கோ. கதவை இழுத்துச் சாத்துங்கோ. இன்னும் வடிவா! திறந்துவச்சுக்கொண்டு கதைச்சா வெளிச்சம் வெளிய போகும். பிறகு அதை யார்ட பேரில எழுதுவீங்க? திறந்தது நீங்கதானே?

ம்ம். பாத்தீங்களோ, ஒரு துளி வெளிச்சம் அறைக்குள்ள போகாது. சாவித் துவாரத்துக்குக்கூட இலவம் பஞ்சு அடைச்சிருக்கிறன். குண்டுக்குப் பயந்து விளக்கை மறைக்கச் சொல்லி ஏ.ஆர்.பி. காரர் நீங்க சொன்னா நாங்க கேக்கிற ஆக்கள், தம்பி. பாஸ்கு ஞாயிறு துறைமுகத்தில யப்பான்காரன்ட குண்டு விழேக்க நான் கட்டிலுக்குக் கீழ கிடந்து முழுச் செபமாலையும் சொன்னனான். எனக்கு நீங்க சட்டம் சொல்லித்தரத் தேவையில்லை.

கேக் எடுங்கோ. பயப்படாதீங்கோ, பிராந்தி இல்லை. பக்கத்து வீட்டு லுத்பியாவும் சாப்பிட்டவ, அவவிட்டதான் நீங்க மாளிகாவத்தைப் பிள்ளை, பேர் ஷிப்லி எண்டெல்லாம் கேட்டு வச்சிருக்கிறன். முந்திரிகை வத்தலும் இல்லை, யுத்தமெல்லோ! பச்சைப் பப்பாசியைப் பொடியா வெட்டி, பீட்றூட் தண்ணியில ஊறவச்சு, சீனிப்பாகில காய்ச்சிப் போட்டன். ரவையை வறுத்து, கஜுவைச் சீவி... ஒவ்வொரு துண்டையும் கடதாசியில சுத்தி, ரெண்டு கரையிலயும் குஞ்சம் வெட்டினது நான்தான். ரெண்டு பின்னேரம் குஞ்சம் வெட்டினன். இவர் கேக்கிறார், திண்டுபோட்டு எறியிற கடதாசிக்கு ஏன் குஞ்சமெண்டு. ஆம்பிளையளோட கதைச்சு வேலையில்லை.

வாயைத் துடையுங்கோ. ஓம், அதுதான்! இந்த வீட்டுக்கு வாற சனம் அலுமாரிக்குள்ள போய், வாயைத் துடைச்சுக்கொண்டு வெளிய வருதெண்டுதானே உங்களிட்டச் சொன்னவ? கேக் திண்டவை வாயைத் துடைக்காம எப்பிடி வாறது? நாங்க என்ன, சாராயமோ விக்கிறம்?

என்ன... சாராயம் இல்லையோ? பின்ன?

வெளிச்சமோ! நல்ல கதை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளுக்க இருக்கிறது நீங்க. வெளிச்சம் எங்க போகுது? உங்கட மடியிலதான் விழுகுது. இருங்கோ, எழும்பாதீங்கோ, எழும்பினா பாலன் குடில் சரியும். நெருப்புப் பெட்டியில செஞ்சது. அந்த மாட்டுக்கு ஒரு கொம்புதான், பசை போதாமப் போச்சு. கோதுமை மாவுக்கு எங்க போறது, மரவள்ளி மாவைக் காய்ச்சித்தான் எல்லாம் ஒட்டினன்.

முதல்ல நட்சத்திரம் மட்டும்தான் தம்பி கட்ட நினைச்சனான், சத்தியமா. இவற்ற கோட்டுகளை எடுத்துக் குசினிக் கொடியில போட்டாச்சு. இப்ப அவர் வேலைக்குக் கந்தோருக்குப் போனா கருவாடு வருதெண்டு சொல்லுறாங்களாம். அது அவற்ற கஷ்டம். நட்சத்திரத்தைக் கட்டிப் பாத்தா, சுத்திவர வெறும் பலகை, பாவமாக் கிடந்துது. அப்ப தட்டுக் கரைக்கு லேஸ் பின்னினன். லேஸ் வந்தா குடில் வேணும்தானே? குடில் வந்தா முழங்கால்ல நிக்க மெத்தை வேணும். பிறகு கடதாசிச் சங்கிலி. பிறகு ரெண்டு பேர் இருக்கப் பலகை. இப்ப முழு வீட்டிலயும் இவ்வளவு சுகமான இடம் எனக்கு வேற இல்லை. பின்னேரத்தில இதுக்குள்ள வந்து கதவைச் சாத்தி, ஊசியும் நூலுமா இருந்தனெண்டா யுத்தம் எண்ட ஒண்டே ஞாபகம் வராது. ராச்செபமும் இதுக்குள்ளதான். இவர் முழங்கால்ல நிண்டா நான் சுவரோட ஒட்டவேணும். செபமாலையில பத்து மணிக்கு ஒரு காரணிக்கம்; ஒண்டு அவர், ஒண்டு நான், மாறி மாறி.

உங்களுக்கு இது விளையாட்டாத் தெரியும். எனக்கு விளையாட்டில்லை, தம்பி.

என்ட மூத்தவன் பீற்றர். பெண்பிள்ளையள் ரெண்டும் கலியாணம் கட்டிப் போட்டுதுகள், அதுகளைப் பற்றி எனக்குக் கவலையில்லை. இவன்தான். ரெண்டு நத்தாருக்கு முதல், முன்வாசல்ல நட்சத்திரம் கட்டேக்க, தகப்பனுக்கும் மகனுக்கும் சண்டை. ஏனெண்டு கேளுங்கோ. வால்! நட்சத்திரத்திட வால் கோயில் பக்கம் போகவேணுமெண்டு இவர். துறைமுகப் பக்கம் போகவேணுமெண்டு அவன். மூண்டு இராசாக்களும் கிழக்கிலயிருந்து வந்தவை, அப்ப வால் எங்க இருக்கவேணுமெண்டு ஏணியில ஏறி நிண்டு கத்தினவங்கள். "இது என்ட வீடு, என்ட வால்" எண்டிட்டார் இவர். அவன் ஏணியால இறங்கி, பெட்டியை எடுத்துக்கொண்டு இரத்மலானைக்குப் போனவன்தான். ஆகாயக்கப்பல் நிக்கிற இடத்தில வேலை, அங்கயே சாப்பாடு, அங்கயே படுக்கை. சண்டை வாலுக்காக இல்லையெண்டு எனக்கும் தெரியும். ஆனா அந்த ரெண்டு பேரும் வாலைத் தவிர வேற ஒண்டையும் வாய் திறந்து கதைக்க மாட்டினம்.

இந்த வருசம் லுத்பியாட மனுசன் இப்றாஹிம் அந்தப் பக்கம் போனவர். அவரிட்டச் சொல்லிவிட்டன், அம்மா நட்சத்திரம் கட்டுறா, வா எண்டு. அவன் என்ன மறுமொழி சொன்னவன் தெரியுமோ? "நத்தாருக்கு முதல்நாள் இருட்டினாப் பிறகு சந்தியில நிண்டு பாப்பன். நட்சத்திரம் தெரிஞ்சா வருவன். தெரியாட்டி அப்பிடியே ஸ்டேசனுக்குப் போய் அடுத்த கோச்சியில திரும்புவன்." தகப்பனைப் போலவே வாய்!

நான் என்ன செய்ய? வெளியில கட்டினா நீங்க பிடிப்பீங்க. உள்ளுக்க கட்டினா அவனுக்குத் தெரியாது. கட்டாம விட்டா பொய் சொன்னவளாப் போவன். எதுக்கும் கட்டுவமெண்டு கட்டினன். கொச்சிக்கடை அந்தோனியாருக்கு ஒன்பது நாள் செபம், நவநாள் பிடிச்சன். "அந்தோனியாரே, இது எப்பிடியெண்டு நான் கேக்க மாட்டன், என்ட பிள்ளைக்கு மட்டும் இந்த நட்சத்திரத்தைக் காட்டிப்போடும்" எண்டு. எப்பிடிக் காட்டப்போறார், பாவம், அதுவும் அலுமாரிக் கதவுக்கு மேலால?

ஏன் தம்பி பின்னால திரும்பித் திரும்பிப் பாக்கிறீங்க? குளிருதோ?

ஓம், அதில ரெண்டு பலகை இல்லை. இவர்தான் கழட்டினவர். நட்சத்திரம் கட்டி முடிஞ்ச பிறகுதான் தெரிஞ்சுது, வால் அலுமாரியில அடங்காதெண்டு. வலப்பக்கமும் போகாது, இடப்பக்கமும் போகாது. அப்ப முதுகுப் பலகையைக் கழட்டி, வாலை நேரே பின்னால விட்டாச்சு. கோயில் பக்கமும் இல்லை, துறைமுகப் பக்கமும் இல்லை! சண்டையே இல்லைத்தானே? நான் எவ்வளவு சந்தோசப்பட்டன் தெரியுமோ?

பின்னால என்ன கிடக்கோ? சன்னல். ரோட்டுச் சன்னல். அதை மூடுங்கோ மூடுங்கோ எண்டு கார்த்திகை மாசம் முழுக்க விசிலடிச்சது நீங்கதானே? மூடிட்டம். இந்தப் பெரிய அலுமாரியை இழுத்து அதுக்கு முன்னால வச்சுத்தானே மூடியிருக்கு. பலா மரம். இதைவிட நல்லா ஒருத்தரும் மூட ஏலாது.

சன்னல் கதவோ... அலுமாரி வந்தாப் பிறகு அது சும்மாதானே கிடந்துது. இவர் கழட்டிப் பலகை அடிச்சுத் தந்தார். நீங்க இருக்கிறது அதிலதான்.

...

தம்பி.

கொஞ்சம் இருங்கோ. அப்ப சன்னலுக்குக் கதவில்லை. அலுமாரிக்கு முதுகில்லை. நடுவில நூறு வாட் பல்ப்.

யேசுவே! நேத்தும் இண்டைக்கும் சனம் அந்தப் பக்கம் கூடி நிண்டு பாட்டுப் படிக்கேக்க, இருட்டில என்ன இவ்வளவு பக்தியெண்டு நினைச்சனே! சந்தியிலயிருந்தும் தெரியுதோ? அங்கயிருந்து பாத்துத்தான் வந்தனீங்களோ? வால்கூடத் தெரியுதோ?

அந்தோனியார் என்ட மன்றாட்டைக் கேட்டிட்டார், தம்பி. ஏ.ஆர்.பி.யைத்தான் கேக்காம விட்டிட்டார்.

கோவிக்காதீங்கோ. இந்தா, நூத்துறன். என்ட பிள்ளைக்காக ஊர்ப் பிள்ளையளிட தலையில குண்டு விழ நான் விடுவனோ? இந்தா... டக். நூந்திட்டுது. அப்பா, என்ன இருட்டு. காலை ஆட்டாதீங்கோ, குடில்.

எழுதுறதெண்டா எழுதுங்கோ. என்ட பேரில எழுதுங்கோ, இவற்ற பேரில வேண்டாம், அவர் வாலை மட்டும்தான் பாத்தவர். ஆனா நேரம் இப்ப ஏழாகப் போகுது. ஆறரைக் கோச்சியில வந்தா அவன் இன்னும் சந்திக்கு வந்திருக்க மாட்டான். வந்து பாத்தா ஒண்டுமே தெரியாது.

அதுக்கு ஒரு சின்ன உதவி, ஷிப்லித் தம்பி. நீங்க எப்பிடியும் அந்தப் பக்கம்தானே போறீங்க. சந்தியில, நல்ல உயரமா, பெட்டியைக் கீழ வைக்காமக் கையிலயே பிடிச்சுக்கொண்டு ஒருத்தன் நிப்பான். அவனிட்ட அம்மா நட்சத்திரம் கட்டியிருக்கிறா, நான் பாத்தனான் எண்டு சொல்லிவிடுங்கோ.