அங்காளம்மாள் பெயரில் விழுந்த இரண்டு கோடு

அன்று எங்கள் வீட்டில் இருந்தவர்கள்:

தட்சிணாமூர்த்தி, வயது அறுபத்து மூன்று. அது நான்.
என் மனைவி ஹேமாவதி, வயது ஐம்பத்தெட்டு.
சமையலுக்கு வரும் அங்காளம்மாள்.
வேறு யாரும் இல்லை.

டெனிஸ் சார், சுகாதார ஆய்வாளர் என்ற முறையில் நீங்கள் போன மாதம் மேடவாக்கத்துக்கு வந்து கேட்டபோது இந்தப் பட்டியலைத்தான் கொடுத்தேன். அதில் தவறு எதுவும் இல்லை. உங்களுக்கு நான் போட்ட காபியில் சர்க்கரை அதிகமாகிவிட்டது. அளவெல்லாம் ஹேமாவதிக்குத்தான் தெரியும்.

உங்கள் படிவத்தில் ‘தொற்று எங்கிருந்து வந்தது’ என்ற இடத்தில் ‘வீட்டுப் பணியாளர்’ என்று எழுதிக்கொண்டீர்கள். அதைத் திருத்த வேண்டும். பதிவு தப்பாக இருந்தால் நோயைத் தடுக்க முடியாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்பது வருடத்துக்கு முன் ஹேமாவதிக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தினார்கள். கொடுத்தவர் அவள் தம்பி மோகன்ராஜ். வந்த உறுப்பை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் மாத்திரை. அந்த மாத்திரை எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்கும். உங்களுக்கும் எனக்கும் மூன்று நாள் சளியோடு போவது அவளுக்கு அப்படிப் போகாது. டாக்டர் இதை ஒரே ஒரு தடவைதான் சொன்னார். நான் மறக்கவில்லை.

கொரோனா முடிந்துவிட்டது என்று ஊரே முகக்கவசத்தைக் கழற்றி எறிந்த பிறகும் எங்கள் வீட்டில் அது முடியவில்லை. கூரியர்க்காரர் பொட்டலத்தைக் கம்பிக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போவார். தீபாவளிக்கு வந்த உறவுக்காரர்களிடம் படிக்கட்டிலேயே பேசி அனுப்பினேன். கீழ் வீட்டு சாமுண்டீஸ்வரி ஒரு நாள் லிஃப்டில் தும்மினார். அதைப் பற்றிக் குடியிருப்பு வாட்ஸாப் குழுவில் எழுதினேன். என்னை ‘சானிடைசர் சார்’ என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும். அதில் எனக்கு வருத்தமில்லை. என் மனைவி உயிரோடு இருந்தாள்.

திங்கள்கிழமை தோறும் அங்காளம்மாளுக்கு மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதனை செய்வேன். அவளுக்கு மட்டும் செய்தால் மனசு சங்கடப்படும் என்று ஹேமாவதி சொன்னதால் எனக்கும் செய்துகொள்வேன். தினசரி நாள்காட்டியில் கிழித்த இரண்டு தாள்களை எடுத்து, ஒன்றின் பின்பக்கம் என் பெயரும் மற்றதில் அவள் பெயரும் எழுதி, அவற்றின்மேல் பரிசோதனை அட்டைகளை வைப்பேன். முடிவு தெரியும் வரை பதினைந்து நிமிடம் அவள் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும். இரண்டு வருடமாக, நோய் இல்லை என்று காட்டும் ஒரு கோடுதான் வந்தது. ஒவ்வொன்றையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

மே மாதம் மோகன்ராஜின் மகளுக்குக் கல்யாணம். கிழக்குத் தாம்பரத்தில் மண்டபம். ஹேமாவதி போக வேண்டும் என்றாள். மணமேடையில் அத்தைக்கு ஒரு இடம் இருக்கிறது. சிறுநீரகம் கொடுத்தவனின் மகள் வேறு. நான் வேண்டாம் என்றேன். ஏசி மண்டபம், ஐந்நூறு பேர், எவன் இருமுகிறான் என்று யாருக்குத் தெரியும். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தானே பட்டுப்புடவையை எடுத்து அலமாரியில் திரும்ப வைத்தாள். நான் மட்டும் போய், வாசலோடு நின்று, தலையைக் காட்டிவிட்டு வந்துவிடுவதாகச் சொன்னேன்.

வாசலில்தான் நின்றேன். மோகன்ராஜ் வந்து கையைப் பிடித்தார். சுற்றி ஒரு கூட்டம்.

“மாமா, எங்க அக்காவத்தான் வீட்ல பூட்டி வெச்சிட்டீங்க. உங்க மூக்கையுமா?”

எல்லோரும் சிரித்தார்கள். ஐந்து வருடமாக நான் கேட்ட சிரிப்புதான். அன்று ஏனோ முகக்கவசத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். உள்ளே போனேன். பந்தியில் உட்கார்ந்தேன். பக்கத்து இலைக்காரர் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தபடியே, ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்று என்னிடம் சொன்னார். நான் எழுந்திருக்கவில்லை. பாயசம் நன்றாக இருந்தது; இரண்டாவது முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அது வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி தொண்டையில் ஒரு கரகரப்பு.

திங்கள்கிழமை வழக்கம்போல அட்டைகளை வைத்தேன். அங்காளம்மாள் வெளியே நின்றுகொண்டிருந்தாள். ஹேமாவதி அறையில் இருந்தாள். என் அட்டையில் பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை, நான்கு நிமிடத்திலேயே இரண்டாவது கோடு வந்துவிட்டது. அழுத்தமான கோடு.

மீதிப் பதினோரு நிமிடம் யோசித்தேன். எனக்கு வந்திருக்கிறது என்றால் நான் உள்ளே போயிருக்கிறேன், சாப்பிட்டிருக்கிறேன். ஹேமாவதியைப் போகவிடாத கல்யாணத்தில். அவளுக்கு அது தெரிந்தால் ஐந்து வருடக் கட்டுப்பாடும் வேஷமாகத் தெரியும். படிக்கட்டிலேயே திருப்பி அனுப்பிய ஒவ்வொருவரும் நினைவுக்கு வருவார்கள். நான் சொன்னால் அவள் கேட்பாள் என்ற ஒன்றுதான் அவளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அந்தப் பிடி விட்டால் நாளைக்கு அவள் சந்தைக்குப் போவாள், கோயிலுக்குப் போவாள், செத்துப்போவாள். அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

அட்டைகளை நான் தொடவில்லை. அடியில் இருந்த நாள்காட்டித் தாள்களைத்தான் மாற்றி வைத்தேன். பிறகு படம் எடுத்தேன்.

அங்காளம்மாளிடம் கம்பிக் கதவு வழியாகவே காட்டினேன். அவள் நெடுநேரம் பார்த்தாள்.

“எனுக்கு ஒண்ணுமே இல்ல சார். நேத்து கூட ரெண்டு கொடம் தண்ணி தூக்கிக்கினு மாடி ஏறினேன். இன்னொரு தபா பாருங்க சார்.”

“கிட் தீர்ந்துபோச்சு, அங்காளம்மா.”

அலமாரியில் நான்கு இருந்தன.

அவள் சண்டை போடவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். “அம்மாவ பாத்துக்க சார். காலீலேர்ந்து நான் கிட்டக்கூட போவல,” என்று சொல்லிவிட்டு, லிஃப்டில் போகாமல் படியில் இறங்கிப் போனாள். அன்றைக்கே வாட்ஸாப் குழுவில் போட்டேன், விதிப்படி போட வேண்டும் என்பதால். அவள் வேலை செய்த மற்ற மூன்று வீடுகளும் அவளை நிறுத்திவிட்டன. நான்கு நாள் கழித்து அரசு ஆஸ்பத்திரியில் பரிசோதித்த சீட்டோடு கேட்டுக்கு வந்தாள். நோய் இல்லை என்று அதில் இருந்தது. நான்கு நாளில் சரியாகியிருக்கும் என்று மாடியிலிருந்தே சொல்லி அனுப்பினேன்.

சிறுநீரக டாக்டருக்கும் திங்கள்கிழமையே போன் செய்தேன். நான் கடமை தவறியதாக யாரும் சொல்ல முடியாது. யாருக்குத் தொற்று என்று கேட்டார். சமையல்காரம்மாவுக்கு என்றேன். நோயாளிக்குப் பக்கத்தில் வந்தாளா என்றார். இல்லை, சமையலறையோடு சரி என்றேன். அது உண்மை. அப்படியானால் கவனித்துக்கொண்டிருங்கள், காய்ச்சல் வந்தால் உடனே கூட்டி வாருங்கள் என்றார். ஒரே வீட்டில் இருப்பவருக்கு வந்திருந்தால் அன்றைக்கே அழைத்து வரச் சொல்லியிருப்பேன், ஆரம்பத்திலேயே கொடுக்க மருந்து இருக்கிறது என்று பிறகு ஐசியூ வாசலில் வைத்துச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கும் என் பட்டியல்தான் தெரியும்.

வியாழக்கிழமை காய்ச்சல். சனிக்கிழமை மூச்சுத்திணறல். பதினோராம் நாள் காலை இறந்தாள். இது உங்கள் படிவத்திலேயே இருக்கிறது.

படிவத்தில் இல்லாதது திங்கள்கிழமை காலை.

அங்காளம்மாள் போன பிறகு கேழ்வரகுக் கஞ்சியை நானே காய்ச்சினேன். மாத்திரைகளை எடுத்து வைத்தேன். அலமாரியில் புது முகக்கவசப் பெட்டி இருந்தது. ஒன்றை எடுத்துக் காதில் மாட்டவும் செய்தேன். ஆனால் நான் வீட்டுக்குள் ஒருநாளும் அதைப் போட்டதில்லை. இன்றைக்கு என்ன என்று ஹேமாவதி கேட்பாள். கழற்றிப் பெட்டியிலேயே வைத்துவிட்டேன். அவளை மோகன்ராஜ் வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். நான் மொட்டைமாடி அறைக்குப் போயிருக்கலாம். அங்காளம்மாளைத் திரும்பக் கூப்பிட்டு ஹேமாவதியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு எங்கள் வீட்டில் நோய் இல்லாத கை அங்காளம்மாளுடையதுதான். இதெல்லாம் அப்போதே எனக்குத் தோன்றியது. தோன்றவில்லை என்று சொல்ல மாட்டேன்.

ஹேமாவதி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். என் முகத்தையே பார்த்தாள்.

“ஏங்க, கல்யாணத்துல வாசலோடதானே வந்தீங்க?”

“வாசலோடதான்.”

“தொண்டை கட்டின மாதிரி இருக்கே.”

“அங்காளம்மாகிட்ட கத்தினது.”

அவள் தலையாட்டினாள். அவள் என்னை நம்பினாள், சார். ஐந்து வருடம் நான் கட்டிக்காத்த வீட்டில் என் பேச்சுக்கு அந்த மரியாதை இருந்தது. நகர்ந்து உட்கார்ந்து எனக்கு இடம் விட்டாள். கஞ்சி சூடாக இருந்தது. ஊதி ஆற்றி, நானே ஸ்பூனால் ஊட்டினேன்.

அதற்கு முன் ஒன்று செய்தேன். அங்காளம்மாள் காலையில் வந்து போன வீடு. கூடத்துக் காற்று அறைக்குள் வந்து ஹேமாவதிக்கு ஏதாவது ஆகிவிடக் கூடாதே என்று, எனக்குப் பின்னால் கதவைச் சாத்தி உள்பக்கம் தாழ் போட்டேன்.