கரைக்கு உள்பக்கம்

— கம்மாயில வெட்டின மண்ணெல்லாம் கரைக்கு உள்பக்கமே கெடக்கே, அக்கம்மா! ஒரு மழை பேஞ்சா திரும்பக் கம்மாய்க்குள்ளதான போகும்?

— ஓவர்சியரய்யா, வெயிலு ஏறுது. அளக்க வந்தீகளா, வம்பு வளக்க வந்தீகளா?

— நெசத்தச் சொல்லுங்க. காண்ட்ராக்டருதான இங்குட்டே கொட்டச் சொன்னது? கரை ஏறி அங்குட்டு எறக்கினா கூலி கூடும்னு?

— அவரு பாவம். கொடைக்குக் கீழ நின்னு பீடி குடிக்கிறதோட சரி.

— அப்பக் கணக்கப்பிள்ளையா?

— யாரு தலையிலயாச்சும் கட்டணும்னே வந்திருக்கீக போல.

— பின்ன? பஞ்ச நிவாரண வேலைன்னு மூணு வருசமா சர்க்காரு பணத்தக் கொட்டுது. இதே கம்மாய், இதே மண்ணு. ஏன் இன்னும் ஆழமாகலன்னு திருப்பத்தூர் ஆபீசுல கேக்குறாக. எவனோ திங்கிறான். நெசத்தச் சொல்லுங்க, இல்ல, வேலைய இன்னைக்கே நிறுத்திருவேன்.

— ஆத்தாடி! எங்க தெருவுல ஒரு அடுப்பும் எரியாதுய்யா... சரி, கேட்டுக்கங்க. திங்கிறது நாங்கதான்.

— என்ன சொல்றீக?

— இங்குட்டே கொட்டச் சொன்னது நான். கம்மாய் நெறஞ்சா வயக்காரவுகளுக்குச் சோறு. மண்ணு மூடித் தூந்து கெடந்தாத்தான் எங்களுக்குக் கூலி.

— நெறஞ்சா நடவு, அறுப்புன்னு உங்களுக்கும் வேலைதான?

— அதுக்கு நாலு நாளு, இதுக்கு நாலு நாளு. மிச்ச நாளைக்கு வயித்தக் கழட்டி ஆணியில மாட்டவா?

— நெசத்தச் சொல்லுறேன், கேளுங்க. கரைக்குக் கீழ புறம்போக்கு கெடக்குல்ல? கம்மாயில தண்ணி நின்னா அம்புட்டும் நஞ்சை. மண்ணு சொமந்த உங்களுக்கே பட்டா வாங்கித் தாரேன். அங்குட்டுக் கொட்டுங்க. மாதா மேல சத்தியம்.

— உங்களுக்கு முந்தி இருந்த ஓவர்சியரு திருக்கோட்டியூர்ப் பெருமாள் மேல சத்தியம் பண்ணினாரு.

— பண்ணி?

— நம்பி அங்குட்டுத்தான்யா கொட்டினோம். கம்மாய் நெறஞ்சுச்சு, புறம்போக்கும் வெளஞ்சுச்சு. பட்டா மட்டும் பிரசிடெண்டு மச்சினன் பேருக்குப் போச்சு. மறுவருசம் கம்மாய் வேலையும் இல்ல. பிள்ளைகளுக்குப் புளியங்கொட்டைய வறுத்துக் குடுத்தோம். அதுக்குப் பெறகுதான் உள்பக்கம் கொட்டப் பழகினோம்.

— அப்ப இந்த மண்ணு எப்பத்தான் கரை தாண்டும்?

— பட்டாவ எங்க கையில குடுங்க. குடுத்த அன்னைக்கே, சர்க்காரு கூலி ஒத்தக் காசு வேணாம்யா, இம்புட்டு மண்ணையும் நாங்களே அங்குட்டுத் தூக்கிருவோம்.