துக்கம் சொல்லும் பாடம்

நகரியிலிருந்து திருப்பதி போகும் காலை பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு நர்ஸுகள் உட்கார்ந்திருந்தார்கள். சன்னலோரம் இருந்த சின்னவள் திடீரென்று சொன்னாள்.

"ஆள் செத்துட்டாங்கன்னு சொல்றப்போ சிரிச்ச முகமா இருக்கணுமாம்க்கா."

"யார் சொன்னது?" என்றாள் மூத்தவள்.

"ஆன்லைன்ல இங்கிலீஷ் சொல்லித்தரானே, அந்த சார். நர்ஸுங்களுக்குன்னே நடத்துற கிளாஸ். வெளிநாட்டு வேலைக்கு இங்கிலீஷ் பரீட்சை பாஸாவணுமே. பேஷண்ட் செத்துட்டா சொந்தக்காரங்ககிட்ட எப்படி சொல்றதுன்னு நேத்து பாடம். என்னைச் சொல்லச் சொன்னான்."

"சொன்னியா?"

"ஐ ஆம் சாரின்னு ஆரம்பிச்சேன். போன வாரம் நம்ம வார்டுல ஒரு பொண்ணு செத்துச்சே, அவங்கம்மா மூஞ்சி கண்ணு முன்னால வந்துச்சு. பேச்சு வரல. நடுவுல நிறுத்தினா மார்க் போயிடும், முகத்துல ஸ்மைல் வெச்சிக்கோன்றான்."

"நீ சும்மாவா இருந்த?"

"சார், நீங்க யாருக்காவது சாவு சொல்லியிருக்கீங்களான்னு கேட்டேன். கோவத்துல இங்கிலீஷ் வரல, தெலுங்குலதான் கேட்டேன். என்னை மியூட் பண்ணிட்டான்."

புத்தூரில் கூட்டம் ஏறியது. மூத்தவள் கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"அப்போ பரீட்சை?"

"எழுதத்தான் போறேன். அவன்கிட்ட படிக்க மாட்டேன். அவன் மியூட் பண்ணதும் நான் கேமராவ ஆஃப் பண்ணேன்க்கா. கிளாஸ்ல இருந்த சித்தூர் பொண்ணு ஒருத்தியும் ஆஃப் பண்ணா. அப்புறம் ஒவ்வொருத்தரா எல்லாரும் ஆஃப் பண்ணிட்டாங்க. ஸ்க்ரீன் பூரா கருப்பாயிடுச்சு. அவன் மட்டும் தனியா பேசிக்கினு இருந்தான்."