மூன்றாம் மாடிக் கதவு

ஒரு மாடியில் குடியிருப்பவர்களின் உயிர் என்ன விலை என்று கேட்டால், என் தொழிலில் பட்டென்று சொல்லிவிடலாம், ஐயா. கதவைத் தானாக மூடவைக்கும் குளோசர் ஒன்று, சூட்டில் பொங்கி இடுக்கை அடைக்கும் பட்டை ஒரு சுருள், மாட்டுகிற கூலி. ஒரு குடும்பம் வெளியே போய் ஒரு வேளை சாப்பிட்டு வரும் செலவு. அதிலும் பேரம் பேசுவார்கள். பட்டையை ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று ஒருவர் கேட்டார். நெருப்பும் ஒரு பக்கமாகவே வருவதாக இருந்தால் பாதி விலை என்றேன். அவர் யோசித்தார்.

நீங்கள் கேட்பது அந்த ஆறு மாடிக் கட்டடத்தைப் பற்றி. அங்கே தீத்தடுப்புக் கதவுகளைப் பார்த்துக்கொள்வது பல வருடமாக என் வேலை. மாடிக்கு ஒரு கதவு, முன்பக்கப் படிக்கட்டுக்கும் நடைவழிக்கும் நடுவில். கீழே தீப்பிடித்தால் புகை படிக்கட்டோடு நின்றுவிடும். ஜனங்கள் பின்பக்கமாக இறங்கிப் போகலாம். கதவு மூடியிருந்தால்.

மூடவிட மாட்டார்கள். காற்று வரவேண்டும், பிள்ளையின் சைக்கிள் போகவேண்டும். அடியில் ஒரு மரக்கட்டையைச் செருகிவிடுவார்கள். நான் உருவிக் கோணிப்பையில் போடுவேன். அடுத்த தடவை புதுக்கட்டை இருக்கும். குடியிருப்போர் சங்கத் தலைவரிடம் முறையிட்டேன். நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார்.

"நெருப்பு என்னைக்கோ வரப்போறது, சார். வேர்வை இன்னைக்கே வருதே."

எனக்குக் கோபம்கூட வரவில்லை. களைப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

என் அக்காவும் அங்கேதான், மூன்றாம் மாடி. முழங்காலில் ஆபரேஷன் ஆகி ஊன்றுகோலோடு நடந்துகொண்டிருந்தாள்.

"உன் கதவு என்னை முட்டித் தள்ளுதுடா தம்பி. உங்க அத்தான்கூட ஒருநாளும் இப்படித் தள்ளினதில்ல."

குளோசரின் கையைக் கதவோடு பிணைக்கும் திருகாணியைக் கழற்றி என் கருவிப்பையில் போட்டுக்கொண்டேன். கால் தேறும்வரைக்கும்தான். நான் கட்டை செருகவில்லை, ஐயா. அது வேறு, இது வேறு. அடுத்த ஆய்வில் எல்லா மாடியிலும் கதவைத் திறந்துவிட்டு, தானாக மூடுகிறதா என்று பார்த்தேன். மூன்றாம் மாடிக்கு வந்தபோது காப்பி ஆறுகிறது என்று அக்கா கூப்பிட்டாள். நம்ம வீட்டுக் கதவுதானே. தேறியது என்ற ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு உள்ளே போனேன்.

அந்த மத்தியானம் யாரையும் வருத்தும் எண்ணம் எனக்கு இல்லை. மூடிய கதவு என்ன செய்யும் என்பதை ஒரே ஒரு தடவை அவர்கள் கண்ணால் பார்த்தால் போதும் என்று தோன்றியது. அதற்காகத்தான் முதலில் மேலேயிருந்து இறங்கிக்கொண்டே கட்டைகளை எல்லாம் உருவினேன். மூன்றாம் மாடிக் கதவு மூடியிருந்தது. ஒழுங்கான மாடி என்று தொடாமல் தாண்டினேன். கீழே படிக்கட்டடியில் அட்டைப்பெட்டிகள். எடுக்கச் சொல்லிச் சொல்லி வாய் வலித்த பெட்டிகள். அவற்றின் மேல் கோணிப்பையைக் கவிழ்த்தேன். இத்தனை வருடத்துக் கட்டைகள், நன்றாகக் காய்ந்தவை, சட்டென்று பிடித்துக்கொண்டன. தீக்குச்சி மட்டும்தான் என்னுடையது. மற்றதெல்லாம் அவர்கள் சொத்து.

அபாயமணியை நானே அழுத்தினேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எதிர் நடைபாதையில் நின்று பார்த்தேன். பின்பக்கமாக ஜனங்கள் வந்தார்கள், சிலர் செருப்புக்கூட இல்லாமல். மூன்றாம் மாடியில் யாரோ என்ன புகை என்று கதவைத் திறந்து பார்த்துவிட்டு ஓடியிருக்கிறார். கதவு திரும்பி வரவில்லை, திறந்தபடியே நின்றுவிட்டது. அக்கா ஊன்றுகோலோடு நடைவழியில் பாதி தூரம்தான் வந்திருந்தாள், புகை முந்திவிட்டது என்று தீயணைப்புக்காரர்கள் சொன்னார்கள்.

சங்கத் தலைவர் தெருவில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க சொன்னது சரிதான், சார்." இத்தனை வருடத்தில் முதல் தடவை.

கணக்கு இதுதான், ஐயா. ஆறு கதவில் ஐந்து தேறின. எங்கள் தொழிலில் அது மோசமில்லை. பாக்கி ஒரு திருகாணி. நீங்கள் எடுத்து வைத்திருக்கும் என் கருவிப்பையில், பக்கவாட்டு அறையில் கிடக்கிறது. பத்திரமாக வையுங்கள், அக்காவுக்குக் கால் தேறியதும் மாட்டிவிடுகிறேன்.