சான் பியாஜோ இறக்கத்தில் கேட்ட சத்தம்

என்சா ஆற்றங்கரையில் அமைந்த எங்கள் இழுவைக் கருவித் தொழிற்சாலையில், கொக்கியும் தண்டும் பிரேக்கும் வரையும் பிரிவின் தலைவியாக முப்பத்தோர் ஆண்டுகள் முழுமூச்சாய் உழைத்து, இன்று மாலையோடு பணி நிறைவு பெறும் பொறியாளர் நீவெஸ் காசெல்லி அம்மையார் அவர்களுக்கு, உடன் உழைத்தோர் ஒன்றுகூடி உளம் உருகி வாசித்தளிக்கும் மடல்.

கொக்கிக்கு உயரம் குறித்த கோமகளே! தண்டுக்குத் திறம் தந்த தகையாளே! தள்ளி வரும் பாரத்தைத் தடுத்து நிறுத்திய தலைவியே! வணக்கம். அமர்ந்தருள்க. இன்னும் சற்று நேரம் எங்களோடு இருந்தருள்க.

அலுவலகத்தில் படித்தவர்கள் பலர் இருக்க, சோதனை ஓட்டுநனாகிய எர்மெஸ் ராபித்தி என்னும் நான் இம்மடலை எழுத நேர்ந்ததற்குக் காரணம் வெல்டிங் பிரிவின் மேஸ்திரி வைனர்தான். "முப்பத்தோரு வருஷமா அவங்க பக்கத்துல உட்கார்ந்து வண்டி ஓட்டினவன் நீ. நீ எழுதாம வேற எவன்யா எழுதுவான்?" என்று காகிதத்தை என் கையில் திணித்துவிட்டார். கேன்டீனைக் கட்டி ஆளும் திர்ச்செ அக்கா தன் பங்குக்கு, "நல்லா கனமா எழுது. சட்டம் போட்டு மாட்டப் போறோம், ஆணி வளையணும்" என்றார். ஆகவே அம்மையீர், என்னால் இயன்ற கனத்தோடு தொடங்குகிறேன். நடுவில் கனம் குறைந்தால் பொறுத்தருள்க.

இழுவையின் இலக்கணம் அறிந்த ஏந்தலே!

டிராக்டர் தன் பின்னால் கோத்த பாரப் பெட்டியை இழுக்கிறது என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். இறக்கத்தில் பெட்டி டிராக்டரைத் தள்ளுகிறது என்பதோ ஓட்டுகிறவன் முதுகுக்கு மட்டுமே தெரியும். மலைச்சரிவுத் தோட்டங்களிலிருந்து திராட்சையும் வைக்கோலும் ஏற்றிக்கொண்டு இறங்குகிற ஒவ்வொருவனும், பின்னால் வருகிற அந்தப் பாரத்தை நினைத்து மாதாவைக் கூப்பிட்டபடிதான் இறங்கினான். தாங்கள் வந்தீர்கள். பெட்டி தள்ளும்போது இழுவைத் தண்டு தன் உறைக்குள் ஒரு சாண் பின்வாங்கட்டும், பின்வாங்கும் தண்டு லிவரைத் திருப்பட்டும், லிவர் கம்பியை இழுக்கட்டும், கம்பி சக்கரத்தைப் பிடிக்கட்டும் என்று வரைந்தீர்கள். எவ்வளவு முரட்டுத்தனமாகத் தள்ளுகிறதோ அவ்வளவு இறுக்கமாக அந்தப் பெட்டி தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது.

கொக்கியை உயரத்தில் மாட்டி மரக்கட்டை இழுத்தால் முன்சக்கரம் தூக்கிக்கொண்டு வண்டி மல்லாந்துவிடும் என்று எத்தனை முறை சொல்லியும் உழவர்கள் கேட்கவில்லை. தாங்கள் சொல்வதை நிறுத்திவிட்டு, உயரத்தில் மாட்ட இடமே இல்லாதபடி கொக்கியை வரைந்துவிட்டீர்கள். வயலில் திரும்புவதற்காக இடச்சக்கரத்துக்கு ஒன்று, வலச்சக்கரத்துக்கு ஒன்று என்று இருக்கும் இரண்டு பிரேக் மிதிகளையும் சாலைக்கு வந்ததும் சேர்த்துப் பூட்ட வேண்டும். பூட்ட மறந்தவன் ஓரத்துப் பள்ளத்தில் கிடப்பான். அதற்கும் தானாகவே விழுந்து பூட்டிக்கொள்ளும் கொண்டி ஒன்றைத் தாங்கள் வைத்தபோது, கொஞ்சம் கவனமாக ஓட்டினால் போதாதா என்று நான் கேட்டேன். "ஞாபகம் இருக்கறவனுக்கு நான் எதுக்கு எர்மெஸ்? மறக்கறவனுக்குத்தான் வரையணும்" என்றீர்கள். "அப்போ உன்னை எதிர்ல நிக்க வெச்சுத்தான் வரைஞ்சிருக்காங்க" என்று வைனர் சிரித்ததைத் தாங்களும் கேட்டீர்கள். கேட்காத மாதிரி பென்சிலைச் சீவினீர்கள்.

அந்தப் பென்சிலைப் பற்றிச் சொல்லாமல் இம்மடல் முழுமை பெறாது. தங்கள் மேசைக்குப் போன எந்த வரைபடமும் திருத்தம் இல்லாமல் திரும்பியதில்லை. ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி, கீழே நீ. கா. என்று இரண்டு எழுத்து. கேன்டீன் பலகையில் திர்ச்செ அக்கா அன்றைய பலகாரமாக 'பூசணித் தோர்த்தெல்லி' என்று எழுதி வைத்திருந்ததன் கீழே ஒரு நாள், 'தீர்ந்த பிறகு அழிக்கவும். நீ. கா.' என்று இருந்தது. அக்கா ஒரு வாரம் தங்களோடு பேசவில்லை. பிறகு தாங்கள் வருவதற்கு முன் எது தீர்ந்தாலும் தங்களுக்கென்று ஒரு தட்டு எடுத்து மூடி வைக்கத் தொடங்கினார். இன்று காலையும் அதே தட்டை எடுத்து வைத்துவிட்டு, திங்கட்கிழமை யாருக்கு வைப்பது என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

சந்தையே சிரிக்கத் தானும் சிரித்த சான்றாண்மையே!

தங்கள் புதுப் பிரேக்கை முதல்முதலாக ரெஜ்ஜோ சந்தைக்குக் கொண்டுபோன நாளை நாங்கள் மறக்கவில்லை. வாங்க வந்தவர்கள் முன்னிலையில் வண்டி திடலின் மேட்டிலிருந்து இறங்கியது, சொன்ன இடத்தில் நின்றது, முதலாளிக்குப் பெருமை தாங்கவில்லை. அதன் பிறகு திடலை விட்டு வெளியேற நான் வண்டியைப் பின்னால் எடுத்தேன். டிராக்டர் பின்னால் வந்தால் தண்டு உறைக்குள் போகும், தண்டு போனால் பிரேக் பிடிக்கும். சான் பியாஜோ மேட்டில் சோதித்தபோது இது யாருக்கும் தோன்றவில்லை. பெட்டி அசைய மறுத்தது. நான் எவ்வளவு தள்ளினேனோ அவ்வளவு நன்றாக அது நின்றது. "தம்பி, முன்னாலயே போயி உலகத்தைச் சுத்திக்கிட்டு வந்துரு! பின்பக்கமா வந்து சேர்ந்துரலாம்!" என்று கூட்டத்திலிருந்து ஒரு கிழவர் கத்தினார். எனக்கு மானம் போயிற்று. தாங்களோ இழுவைத் தண்டின்மேல் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள். அப்படிச் சிரிக்கத் தங்களுக்குத் தெரியும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அடுத்த வாரமே, பின்னால் வரும்போது தண்டை உறைக்குள் போகவிடாமல் பிடித்துக்கொள்ளும் ஒரு கொண்டியை வரைந்து கொடுத்தீர்கள். முன்னால் நகர்ந்ததும் அது தானே விலகிக்கொள்ளும். இன்றுவரை நம் தொழிற்சாலையிலிருந்து போகும் ஒவ்வொரு பெட்டியிலும் அது இருக்கிறது.

இனி இறக்கத்துக்கு வருகிறேன். இங்கிருந்து 'தாங்கள்' என்று எழுத எனக்கு வரவில்லை. 'நீங்கள்' என்றே எழுதுகிறேன்.

இந்தத் தொழிற்சாலையின் வழக்கம் எல்லோரும் அறிந்ததே. புதுப் பிரேக் எதுவானாலும் சான் பியாஜோ கோவில் மேட்டுக்குக் கொண்டுபோய், பெட்டி நிறைய மணல் மூட்டை ஏற்றி, இறக்கிக் காட்ட வேண்டும். புறப்படும் முன் எல்லோர் காதிலும் விழும்படி ஓட்டுநர் கேட்க வேண்டும்: "நிக்குமா?" வரைந்தவர் சொல்ல வேண்டும்: "நிக்கும். நானும் ஏறுறேன்." சொல்லிவிட்டு மட்கார்டின் மேல் இருக்கும் பக்க இருக்கையில் ஏறி உட்கார வேண்டும். ஏற மனமில்லாதவர் வரைபடத்தை எடுத்துக்கொண்டு மேசைக்குத் திரும்பலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். நீங்கள் ஒருமுறைகூடத் திரும்பியதில்லை. மழையிலும் ஏறினீர்கள். காய்ச்சலோடும் ஏறினீர்கள். உங்கள் அம்மாவை அடக்கம் செய்த வாரத்தில் கறுப்பு உடையோடு ஏறினீர்கள்.

ஏறி உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டு, காதைப் பின்பக்கம் சாய்த்து, கம்பியும் லிவரும் பேசுவதைக் கேட்டுக்கொண்டே வருவீர்கள். நான் சாலையைப் பார்ப்பேன். சாலையைப் பார்ப்பதுதானே என் வேலை? அதனால் இத்தனை வருடத்தில் உங்கள் முகத்தை நான் நன்றாகப் பார்த்தது, மேட்டில் ஏறுவதற்கு முன்பும் கீழே பாலத்தருகில் இறங்கிய பிறகும்தான். நடுவில் இருக்கும் அந்த வளைவுகளில் உங்கள் கம்பளிச் சட்டையின் கை என் தோளில் படும். பட்டதை நான் எந்த அறிக்கையிலும் எழுதியதில்லை.

ஒரு வருடம், திராட்சை அறுப்பெல்லாம் முடிந்த பிறகு ஒரு சோதனை. முதல் இறக்கத்தில் வண்டி நின்றது. சாலையில் தண்ணீர் ஊற்றி நனைத்துவிட்டு இரண்டாம் முறை இறங்கினோம், அதிலும் நின்றது. ஆட்கள் சாமான்களைக் கட்டத் தொடங்கிவிட்டார்கள். நீங்கள் மட்டும், "இன்னொரு தடவை போகணும். பின்னால ஏதோ சத்தம் கேக்குது" என்றீர்கள். வைனர் பெட்டிக்கு அடியில் படுத்து ஒவ்வொரு கம்பியாகத் தட்டிப் பார்த்தார். "ஒண்ணுமில்லையே அம்மா" என்றார். "கேக்குது" என்றீர்கள். உங்களை எதிர்த்துப் பேசி வென்றவர் யார்?

மறுபடி மேட்டுக்குப் போனோம். மற்றவர்கள் கீழேயே இருந்துவிட்டார்கள். நீங்கள் உடனே ஏறாமல், சமவெளியில் பரவிக்கொண்டிருந்த மூடுபனியைப் பார்த்தபடி நின்றீர்கள். கேட்க ஆள் யாரும் இல்லாவிட்டாலும் வழக்கம் வழக்கம்தான் என்று, "நிக்குமா?" என்றேன். "நிக்கும்" என்றீர்கள். மட்கார்டில் கை வைத்தபடி, "நானும் ஏறுறேன்" என்றீர்கள். எவ்வளவு மெதுவாக இறங்க முடியுமோ அவ்வளவு மெதுவாக இறங்கினேன். அன்று நீங்கள் கண்ணை மூடவில்லை, காதைச் சாய்க்கவும் இல்லை. நேராக முன்னால் பார்த்துக்கொண்டே வந்தீர்கள். பாலத்தருகில் வந்ததும், "இப்போ சத்தம் போயிருச்சு" என்று சொல்லிவிட்டு இறங்கிக்கொண்டீர்கள்.

எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை, அம்மையீர். போகும்போதும் கேட்கவில்லை, வரும்போதும் கேட்கவில்லை.

அதன் பிறகு வந்த ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒரு மூன்றாம் இறக்கம் இருந்தது. வைனர் அடியில் படுத்துப் பார்ப்பதையே விட்டுவிட்டார். "உங்க ரெண்டு பேருக்கு மட்டும் கேக்கற சத்தத்துக்கு நான் எங்கேய்யா எண்ணெய் விடறது?" என்பார். நான் வண்டியில் ஏறுவேன். ஒரு பிரேக்குக்கும் அடுத்த பிரேக்குக்கும் நடுவில் சில சமயம் ஒரு வருடம்கூட ஓடிவிடும். அந்த வருடம் முழுவதும் உங்கள் அறையின் விளக்கைப் பார்த்து, புதிதாக ஏதாவது வரைகிறீர்களா என்று ஏங்கிக்கொண்டிருப்பேன். இதை எப்படிக் கனமாக எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஏக்கம் என்றால் ஏக்கம்தான்.

நாளை நீங்கள் லிவோர்னோவுக்குப் போகிறீர்கள். தங்கை வீட்டில் கடல் தெரியும் அறை தயாராக இருக்கிறது என்றும், இங்குள்ள வாடகை வீட்டின் சாவியை மாதக் கடைசியில் வந்து கொடுத்துவிடப் போகிறீர்கள் என்றும் சொன்னார்கள். கடல் காற்று நல்லது. ஆனால் லிவோர்னோவில் யாருக்கும் கொக்கி வேண்டாம், சோதனை இறக்கம் வேண்டாம். இனி மூன்றாம் இறக்கம் என்ன, முதல் இறக்கத்துக்குக்கூட வழியில்லை. நான் தனிக்கட்டை, சான் பியாஜோ மேட்டுக்குக் கீழே ஒரு வீடு இருக்கிறது, அத்தி மரம் ஒன்று இருக்கிறது, சொந்தமாக ஒரு பழைய டிராக்டரும் இருக்கிறது. அதன் பக்க இருக்கைக்குப் போன மாதம் புதுத் தோல் போட்டேன். யாருக்காக என்று வைனர் கேட்டார். நான் தோலில் இருந்த தூசியைத் தட்டினேன்.

இத்தனை பேர் கூடியிருக்கும் சபையில் இதைக் கேட்கலாமா என்று திர்ச்செ அக்காவிடம் யோசனை கேட்டேன். அவர் மாவுக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "மேட்டுல எல்லார் முன்னாடியும்தானே கேப்பே? இங்க மட்டும் என்ன வெட்கம்? கேக்காம அனுப்பிட்டு அப்புறம் என் கேன்டீன்ல வந்து மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு உட்காராதே" என்றார்.

ஆகவே கேட்கிறேன். அந்த மூன்றாம் இறக்கங்களில் உண்மையிலேயே சத்தம் கேட்டதா? கேட்டது என்றால், என் காது மந்தம் என்று எடுத்துக்கொண்டு, வண்டியைச் சரியாகக் கவனிக்காத ஓட்டுநனை மன்னித்துவிட்டு, மகிழ்ச்சியோடு கடலுக்குப் போய் வாருங்கள். கேட்கவில்லை என்றால், பின்னால் வருவதற்கு வழிவிடும் கொண்டியை வரைந்தவரே நீங்கள்தான். ரயில்கள் லிவோர்னோவிலிருந்து இந்தப் பக்கமும் வருகின்றன. இல்லை, போகாமலே இருந்துவிட்டாலும் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

எப்படியானாலும், எங்கள் ஏற்றங்களையும் இறக்கங்களையும் காத்த தாங்கள், முழங்கால் வலியின்றி, மூச்சு முட்டலின்றி, நல்ல உறக்கமும் நல்ல பசியும் நல்ல துணையும் பெற்று, திராட்சை பழுக்கும் பருவங்கள் பல கண்டு நீடு வாழ்க என்று நெஞ்சார வாழ்த்தி, வழக்கப்படி, எல்லோர் காதிலும் விழும்படி கேட்டு முடிக்கிறேன்:

நிக்குமா?

என்றும் தங்கள் அன்பை மறவாத
வரைபடப் பிரிவு, வார்ப்புப் பிரிவு, வெல்டிங் பிரிவு, கேன்டீன் ஊழியர்கள் அனைவரும்,
வாசித்தளித்த எர்மெஸ் ராபித்தியும்.

சட்டம் போடுபவர் கவனத்துக்கு: வாசித்து முடித்ததும் அம்மா மடலைக் கையில் வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து நின்றபடியே படித்தார்கள். பிறகு பென்சில் கேட்டார்கள். வலது ஓரத்தில் உள்ள எழுத்து அவர்களுடையது. கறை என்று நினைத்து அழித்துவிட வேண்டாம், கண்ணாடிக்குள் அது தெரியும்படி சட்டம் போடவும். — வைனர், வெல்டிங்.

*சத்தம் எதுவும் இல்லை. ஒரு தடவைகூட இல்லை. திருத்தவும்.*
*நிக்கும். நானும் ஏறுறேன்.*
*நீ. கா.*