நான் வாசித்துக் காட்டிய கடிதங்கள்

தேநீர் ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள். சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருக்கும். என் தங்கைக்குப் போட்டுப் போட்டு என் கை அப்படிப் பழகிவிட்டது. அவள் வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. செவ்வாயும் வியாழனும் வெள்ளைக் கோல் பிடித்து நடக்கக் கற்றுக்கொடுக்கும் வகுப்புக்குப் போகிறாள். வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும், திரும்ப வாசலில் கொண்டுவந்து விடும். அதற்குள் நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு பத்திரிகை ஆசிரியர் தன் வேலையைப் போட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி, கட்டுரை எழுதியவளின் வீட்டைத் தேடிக்கொண்டு வருவது நான் கேள்விப்படாத விஷயம். இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். என்னைத் தேடி ஒருவரும் வந்ததில்லை. அது போகட்டும்.

என் தொழில் என்னவென்று உங்களுக்குத் தெரியும். எந்தப் பத்திரிகையிலும் வேலைக்குச் சேராமல், வீட்டில் உட்கார்ந்து எல்லாருக்கும் எழுதி அனுப்புகிறவள். இதில் எழுதுவது கால்வாசி. எங்கே அனுப்புவது என்று தெரிந்துகொள்வதுதான் மீதி முக்கால்வாசி. எந்தப் பத்திரிகை வெளியாட்களிடம் வாங்குகிறது, எந்த இணையதளம் சொன்னபடி பணம் தரும், எது "உங்களுக்கு நல்ல அறிமுகம் கிடைக்கும்" என்று சொல்லிவிட்டுக் கையை விரிக்கும், யார் எத்தனை நாளில் பதில் போடுவார், எல்லாவற்றையும் ஒரு நீல நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அதோ, கணினிக்குப் பக்கத்தில் இருக்கிறது பாருங்கள். உங்களுக்கும் அதில் ஒரு பக்கம் உண்டு. "ஆறு வரிக்கு மேல் போனால் படிக்க மாட்டார். சிரிப்பு பிடிக்கும். ஒரே கட்டுரையை இரண்டு இடத்துக்கு அனுப்பினால் ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டார்." சரிதானே.

உங்கள் பத்திரிகைக்குப் பதினொரு வருடம் அனுப்பினேன். உங்களுக்கு ஞாபகம் இருக்காது. ஒவ்வொரு தடவையும் மரியாதையாகத்தான் திருப்பினீர்கள். நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

என் தங்கை, வீட்டில் நாங்கள் சின்னவள் என்போம், ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தாள். புத்தகம் அச்சுக்குப் போகும் முன் எழுத்துப் பிழை பார்க்கும் வேலை. நாலு பேர் பார்த்து விட்டுவிட்ட பிழை அவள் கண்ணில் மாட்டிக்கொள்ளும். அந்தக் கண்தான் போயிற்று. ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டு வருகிற நோய். டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "படிக்கிற பார்வை ரெண்டு வருஷம் இருக்கும்மா. அதுக்கு மேல நான் சொல்ல முடியாது" என்றார். அச்சகத்திலும் அந்த மாதமே கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள்.

அவள் அழவில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கடைப் பலகைகளை ஒன்று விடாமல் படித்துக்கொண்டே வந்தாள். இறங்கும்போது சொன்னாள்:

"அக்கா, பதினாறு வருஷமா ஊரார் பேரையெல்லாம் அச்சுல தப்பில்லாம இருக்கான்னு பாத்தாச்சு. என் பேரை ஒரு தடவை பாத்துடணும். கண்ணு போறதுக்குள்ள. எப்படி அனுப்பறதுன்னு எனக்குச் சொல்லிக் குடு."

சொல்லிக் கொடுத்தேன். என் நோட்டை நான் யாருக்கும் காட்டியதில்லை. அவளுக்கு மடியில் வைத்துக் காட்டினேன். மூன்று பழைய இதழ்களாவது படி. ஆசிரியர் பெயரைக் கண்டுபிடித்து அந்தப் பெயருக்கே எழுது. என்ன எழுதப் போகிறாய், அதை ஏன் நீ எழுத வேண்டும், இரண்டையும் ஆறு வரியில் சொல். ஒரு கட்டுரைக்கு ஓர் இடம். பதில் வந்த பிறகுதான் அடுத்த இடம். முக்கியமாக, பழைய கடிதத்தை எடுத்துத் திருத்தி அனுப்பினால் பத்திரிகையின் பெயரை மாற்றினாயா என்று இரண்டு தடவை பார். போன இடத்தின் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தால் அதோடு நம் மானம் போயிற்று.

எங்கள் இருவருக்கும் ஒரே மின்னஞ்சல் முகவரி. அவள் தடித்த கறுப்புப் பேனாவால் பெரிது பெரிதாக எழுதுவாள், நான் தட்டச்சு செய்து அனுப்புவேன். திரையில் சின்ன எழுத்தைப் படித்தால் அவளுக்குத் தலை வலிக்கும். அதனால் வருகிற பதில்களை நான்தான் வாசித்துக் காட்டுவேன். அவளே கேட்டுக்கொண்ட ஏற்பாடு இது. "எங்க வீட்டுத் தபால்காரி" என்று என்னைக் கிண்டல் செய்வாள். எனக்கும் சிரிப்பு வரும்.

ஒரு திங்கட்கிழமை காலை உங்கள் கடிதம் வந்தது. உங்களுக்கு நான் எதுவும் அனுப்பியிருக்கவில்லை. திறந்தேன். "உங்கள் 'அக்காவின் நீல நோட்டு' கிடைத்தது. மூன்றாம் பத்தியில் வாய்விட்டுச் சிரித்தேன். அடுத்த இதழில் போடுகிறோம், சம்மதம் எழுதுங்கள்." அனுப்பிய நாலாம் நாளே எழுதியிருந்தீர்கள்.

நான் கடைக்கும் வங்கிக்கும் போயிருந்த நேரங்களில், திரை எழுத்தை உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக்கிக்கொண்டு அவளே தட்டச்சு செய்திருக்கிறாள். எத்தனை நாள் ஆனதோ. பதிலை நான்தான் திறப்பேன் என்று அவளுக்குத் தெரியும். எனக்கு ஓர் ஆச்சரியம் கொடுக்கத்தான் அப்படிச் செய்தாள். அது எனக்கு அப்போதே புரிந்தது. புரியாமல் செய்துவிட்டேன் என்று நீங்கள் நினைக்க வேண்டாம்.

கட்டுரையை முழுக்கப் படித்தேன். அன்பாகத்தான் எழுதியிருந்தாள். மூன்றாம் பத்தியில் இப்படி ஒரு வரி: "அக்கா சுமாராகத்தான் எழுதுவாள், ஆனால் எந்தக் கதவை எப்படித் தட்ட வேண்டும் என்று அவளைப் போல் தெரிந்தவர் யாரும் கிடையாது." நீங்கள் வாய்விட்டுச் சிரித்த இடம் அதுதான்.

பதினொரு வருடம் நான் வெளியே நின்ற வீட்டுக்குள், என் நோட்டை வைத்துக்கொண்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போயிருக்கிறாள். போனவள் என்னைப் பற்றி அங்கே என்ன சொல்லியிருக்கிறாள் பாருங்கள். சொந்தத் தங்கை. வேறு யாராவது எழுதியிருந்தால் பொறாமை என்று தள்ளிவிட்டிருப்பேன். அவள் பிழை பார்க்கிறவள். அவள் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும்.

ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே அடுப்படியிலிருந்து வந்தாள். உதட்டை இறுக்கிச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஏதாச்சும் வந்திருக்கா?"

"எங்கேருந்து?"

"சும்மா கேட்டேன். எங்கேருந்தாவது."

நான் திரையைப் பார்த்தேன். பிறகு வாசித்தேன்: "'உங்கள் கட்டுரையைக் கவனமாகப் படித்தோம். தற்சமயம் எங்கள் பத்திரிகைக்குப் பொருந்தவில்லை. தொடர்ந்து எழுதுங்கள்.'" எதையும் நான் இட்டுக்கட்டவில்லை. பதினொரு வருடமாக நீங்கள் எனக்கு எழுதிய வரிகள்தான் அவை. மனப்பாடமாக இருந்தன, தானாக வந்துவிட்டன.

"யாருக்குடி அனுப்பினே? என்கிட்ட சொல்லவே இல்லையே."

"விடுக்கா. சும்மா விளையாட்டுக்கு" என்று உள்ளே போய்விட்டாள். பாத்திரம் எல்லாம் கழுவி முடித்த பிறகும் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அன்று மதியம், கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம் என்று உங்களுக்கு எழுதிவிட்டேன்.

அத்தோடு விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஒரு தடவை, ஒரு பாடம், போதும். அடுத்த கட்டுரையை முறைப்படி என் வழியாகவே ஓர் இணையதளத்துக்கு அனுப்பினாள். பத்து நாளில் ஏற்றுக்கொண்டார்கள். அவள் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். நான் என்ன செய்வதென்று முடிவு எடுத்திருக்கவில்லை. வாசிக்க ஆரம்பித்தேன், அதே மூன்று வரி வந்தது. யோசித்துப் பார்த்தால் அதுதான் முறை. முதல் கட்டுரை இதைவிட நன்றாக இருந்தது. அதை மறைத்துவிட்டு இதை மட்டும் சொல்வது அவளுக்கு நான் செய்கிற அநியாயம்.

பத்தொன்பது மாதத்தில் ஒன்பது கட்டுரைகள் அனுப்பினோம். ஒன்பதையும் ஏற்றுக்கொண்டார்கள். ஒன்பதையும் நான் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

நான் ஒரு கடிதத்தைக்கூடப் போலியாக எழுதவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். வாசித்தேன், அவ்வளவுதான். அவள் கட்டுரை எதையும் என் பெயரில் போட்டுக்கொள்ளவும் இல்லை. அந்தப் புத்தி எனக்குக் கிடையாது.

பதில் பத்து நாளில் வந்தாலும், என் நோட்டில் அந்த இடத்துக்கு மூன்று மாதம் என்று இருந்தால் மூன்று மாதம் கழித்துத்தான் வாசிப்பேன். சுவர்க் காலண்டரில் அவள் நாளை அடித்துக்கொண்டே வருவாள். முதலில் சின்னக் கோடாக இருந்தது. போகப் போகக் கோடு தடித்தது. கடைசி மாதங்களில் கட்டத்தைத் தாண்டிப் பக்கத்துத் தேதியின் மேலும் இழுத்துவிடுவாள்.

ஒருநாள் கேட்டாள். "அக்கா, ஒரே கட்டுரையை ரெண்டு மூணு எடத்துக்குச் சேத்து அனுப்பினா என்ன? எனக்கு நேரம் இல்லக்கா."

"தொழில்ல பேரு கெட்டுப்போயிடும். அவசரப்பட்டா ஆகாது" என்றேன். இது உண்மை. உங்களையே கேட்கிறேன், நீங்கள் மன்னித்திருப்பீர்களா? சரி என்று தலையாட்டினாள். விதி என்றால் அவளுக்கு மரியாதை.

எங்கே தப்பு செய்கிறேன் என்று கேட்பாள். சிரிப்பைக் குறைத்துப் பார் என்றேன். குறைத்தாள். உன்னைப் பற்றி எழுதாதே என்றேன். அதையும் விட்டாள். ஏழாவது கட்டுரையில் ஓர் இடத்தில்கூடச் சிரிப்பு வராது. வறட்டியைத் தட்டி வைத்த மாதிரி இருக்கும். அதையும் ஏற்றுக்கொண்டார்கள். என்ன சொன்னாலும் அவளுக்கு எழுத வராமல் போகவில்லை. அப்போது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யாரும் கேட்கவில்லை.

ஆனால் அவளை நான் சோர்ந்துபோக விட்டதில்லை. "இந்தத் தடவை கிட்ட வந்துட்டே, விடாதே" என்று தட்டிக்கொடுத்தது நான்தான். இவ்வளவு கட்டுரையையும் அவள் எழுதி முடித்தாள் என்றால் அதற்குக் காரணம் நான்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, பத்திரிகையை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனாள். தூக்கிப் பிடித்தாள், சாய்த்தாள், மூக்கில் ஒட்டுகிற மாதிரி கிட்டே கொண்டுவந்தாள்.

"அக்கா, இதுல என்ன போட்டிருக்கு?"

அது அட்டையில் இருந்த தலைப்பு. நான் வாசித்துக் காட்டினேன். "ஓ" என்றாள். பிறகு பத்திரிகையை மடித்து, மூலைக்கு மூலை சரியாக வைத்து, அலமாரியில் அடுக்கிவிட்டு வந்து உட்கார்ந்தாள். "முடிஞ்சுதுக்கா" என்றாள். அப்போதுதான் அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு மின்னஞ்சலில், வந்ததையே நான் இன்னும் அவளிடம் சொல்லாத சம்மதக் கடிதங்கள் இரண்டு இருந்தன. அதற்கு முந்தின வாரமாவது ஒன்றைப் பெரிய எழுத்தில் அச்சடித்து அவள் கையில் கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். எனக்கும் தோன்றாமல் இல்லை. பிரிண்டரில் மை தீர்ந்திருந்தது.

மாட்டிக்கொண்டது எப்படி என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் புதிதாக எழுதச் சோம்பல். 'திரும்பப் பெற்றுக்கொள்கிறோம்' என்று உங்களுக்கு எழுதிய கடிதத்தையே எடுத்துப் பெயரை மாற்றி மாற்றி எல்லாருக்கும் அனுப்பிவந்தேன். ஒன்பதாவது தடவை பெயரை மாற்ற மறந்துவிட்டேன். அந்த இணையதளக்காரருக்குப் போன கடிதத்தில் உங்கள் பத்திரிகையின் பெயர். அவர் உங்கள் பழைய சகா என்பது என் நோட்டில் இல்லை. அவர் உங்களைக் கூப்பிட்டார், நீங்கள் பழைய கடிதத்தைத் தேடி எடுத்தீர்கள், வரிக்கு வரி ஒன்றாக இருந்தது. முதல் நாளே அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்த பாடம் அது. அவளுக்குப் பார்வை இருந்திருந்தால் அனுப்பும் முன் அந்தப் பிழையைப் பிடித்திருப்பாள்.

ஆமாம். வந்தது தெரிந்து மறைத்தேன். அவளுக்கு எத்தனை நாள் மிச்சம் என்று தெரிந்தேதான் காக்க வைத்தேன். ஒருவர் சொல்லியும் செய்யவில்லை, கோபத்தில் செய்யவில்லை, ஒன்பது தடவையும் நிதானமாகத்தான் செய்தேன். நீங்கள் கேட்டது இதுதான் என்றால், சொல்லிவிட்டேன். ஆனால் இந்த வீட்டில் முதலில் ஏமாந்தவள் யார் என்பதையும் நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

தெருமுனையில் வேன் திரும்புகிறது. அந்தச் சத்தம் எனக்குப் பழக்கம்.

உங்கள் பையில் இருக்கிற பக்கத்தை உள்ளே வரும்போதே பார்த்தேன். "அக்காவின் நீல நோட்டு." கீழே அவள் பெயர், நல்ல தடித்த எழுத்தில், பிழையில்லாமல். அதை என்னிடம் கொடுத்துவிடுங்கள். நீங்கள் சொன்னால் யாரோ கேலி செய்கிறார்கள் என்று நினைப்பாள். அவளுக்கு எதுவாக இருந்தாலும் நான் வாசித்தால்தான் நம்பிக்கை. முழுக்க வாசித்துக் காட்டுகிறேன், இந்தத் தடவை உள்ளது உள்ளபடி. மூன்றாம் பத்தியில் அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிடுவேன். ஆசிரியரான உங்களுக்கே தெரிந்திருக்கும், அது கொஞ்சம் சுமாரான வரி.